கேள்வி யாருடையது?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் சீசன் வந்தாச்சு. க்ளைமேட், ஐஓடி, ட்ரைபல் கம்யூனிட்டி, இந்த மூணும் ஒரே தலைப்பில் இருந்தால் முதல் ரிவ்யூ சுலபமாகத் தாண்டிவிடும் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கு. மலைக்கிராமத்தில் ஒரு மழைமானி, மண் ஈரப்பதம் அளக்க ஒரு சென்சார், ஒரு டேஷ்போர்டு, ஊர்க்காரர்களோடு ஒரு குரூப் போட்டோ. வைவா முடிந்த பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சிம் கார்டில் ரீசார்ஜ் தீரும், பேட்டரி இறங்கும், அந்த லிங்க்கை யாரும் திறக்க மாட்டார்கள்.

இந்த மாதிரி ப்ராஜெக்ட்டே வேண்டாம் என்று சொல்ல வரலை. பண்ணுங்க. ஆனால் தலைப்பில் 'பார்ட்னர்ஷிப்' என்று போடுவதற்கு முன்னாடி ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்க: இந்தப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்தது யார்? நாமா, அவங்களா?

இது ஏன் முக்கியம் என்று பார்க்க, கனடாவின் வடக்கே நடந்த ஒரு வேலையைச் சொல்கிறேன். இன்ஜினியரிங் படிக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ப்ராஜெக்ட் இது. பெயர் ஸ்மார்ட்ஐஸ்.

லாப்ரடார் கடற்கரையில் நுனாட்சியாவுட் என்ற இனுயிட் பூர்வகுடிகளின் பகுதி இருக்கிறது. அங்கே நெய்ன் என்ற ஊருக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த கடல்தான் ரோடு. வேட்டைக்கு, விறகுக்கு, பக்கத்து ஊர்ச் சொந்தக்காரங்க வீட்டுக்கு, எல்லாத்துக்கும் அந்தப் பனிமேல்தான் ஸ்னோமொபைலில் போகணும். 2009-10 குளிர்காலம் வழக்கத்துக்கு மாறாக வெப்பமாக இருந்தது. கடல் சரியாக உறையவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த வழிகளையே நம்ப முடியாமல் போச்சு. பனி உடைந்து தண்ணீரில் விழுந்தவர்களும் உண்டு.

அவங்க கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: 'இன்னைக்கு இந்த வழியில் பனி தாங்குமா?' உலக சராசரி வெப்பநிலை பற்றிய கேள்வி இல்லை அது. நுனாட்சியாவுட் அரசும் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அந்தக் கேள்விக்காக இரண்டு கருவிகளை உருவாக்கினார்கள்.

முதல் கருவி பனிக்குள் செங்குத்தாக நிறுத்தும் மிதவை. அதில் வரிசையாக வெப்ப சென்சார்கள். மேலே குளிர்காற்று, அடுத்து பனித்தூவல், அதுக்குக் கீழே கெட்டிப் பனி, அடியில் கடல்நீர். ஒவ்வொரு அடுக்கிலும் வெப்பநிலை ஒவ்வொரு விதமாக மாறும். பனிக்கு அடியில் உள்ள கடல்நீர் ஏறக்குறைய மைனஸ் 1.8 டிகிரியிலேயே நிற்கும். அந்த மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பனியின் தடிமன் தெரிந்துவிடும். தகவல் செயற்கைக்கோள் வழியாக ஊருக்கு வரும்.

இரண்டாவது கருவியைக் கமுட்டிக் என்ற இனுயிட்களின் சறுக்கு வண்டியில் வைத்து ஸ்னோமொபைலுக்குப் பின்னால் இழுத்துப் போவார்கள். நம்ம மின்காந்தத் தூண்டல் பாடம்தான் அது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், பனி அவ்வளவாகக் கடத்தாது. சுருளிலிருந்து போகும் காந்தப்புலம் கீழே கடல்நீரில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். திரும்பி வரும் சிக்னலை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று போகிற போக்கிலேயே கணக்கிடலாம்.

டெக்னிக்கலாக இதில் நமக்குப் புரியாதது எதுவுமில்லை. நல்ல லேப் இருந்தால் நம்ம காலேஜிலும் ஒரு மாதிரி செய்து பார்க்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. மிதவையை எங்கே நடுவது, எந்த வழியை அளப்பது என்று முடிவெடுப்பதில் அந்தந்த ஊரின் குழுவுக்குப் பங்கு உண்டு. எங்கே நீரோட்டம் பனியை அடியில் அரிக்கும் என்று பெரியவர்களுக்குத்தான் தெரியும். கருவியை ஓட்டுவது உள்ளூர் ஆட்கள். நெய்ன் ஊரிலேயே இனுயிட் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து மிதவைகளை அசெம்பிள் செய்ய வைத்தார்கள். ஆராய்ச்சியாளர் ஊருக்குத் திரும்பிப் போனாலும் கருவி ஓடும், ரிப்பேர் ஆனால் சரிசெய்ய ஆள் இருக்கும். 2016-இல் ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசு இந்த முயற்சிக்குக் கிடைத்தது.

2018-இல் கனடாவின் இனுயிட் தேசிய அமைப்பு தன் சொந்த ஆராய்ச்சிக் கொள்கையையே வெளியிட்டது. தங்கள் நிலத்தில் சேகரிக்கும் தரவின் உரிமையும் கட்டுப்பாடும் தங்களுக்கு வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சங்களில் ஒன்று. காலங்காலமாக வெளியாட்கள் வந்து, கேட்டு, எழுதிக்கொண்டு போய்விட்ட அனுபவம்தான் அதற்குப் பின்னால் இருக்கிறது.

'அது கனடா, நம்ம ஊருக்குப் பொருந்துமா?' என்று கேட்கலாம். சத்தியமங்கலம் காட்டைத் தாண்டினால் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. அங்கே சோளகர்கள் முன்பு கோடையின் தொடக்கத்தில், சருகு மட்டும் எரிகிற மாதிரி சின்னச் சின்னதாகத் தீ வைப்பார்கள். சரணாலயம் வந்தது, தீ வைப்பது நின்றது. பிறகு லாந்தனா என்கிற உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. தீயை நிறுத்தியதுதான் காரணம் என்று சோளகர்கள் சொல்லிவந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ரொம்பத் தாமதமாகத்தான். கருதுகோள் ஊரிலேயே இருந்தது. அதைக் கேட்க ஆள்தான் வரலை.

சட்டத்தையும் மறந்துவிடாதீங்க. 2006 வன உரிமைச் சட்டம், காட்டின் பல்லுயிர் பற்றிய பாரம்பரிய அறிவின் மீது அந்தச் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. வனத்துறை அனுமதிக் கடிதம் கையில் இருப்பதாலேயே ஊரின் சம்மதம் கிடைத்துவிட்டதாக ஆகாது. ஊரில் உட்கார்ந்து, அவங்க மொழியில் விளக்கி, 'வேண்டாம்' என்று சொல்லவும் இடம் கொடுத்துக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 'நமக்கு இருப்பதே ஒரு செமஸ்டர். நம்பிக்கை வளர வருஷக்கணக்கு ஆகும். அப்போ யாருமே எதுவும் பண்ண முடியாதே?' உண்மைதான். ஒரு செமஸ்டரில் பார்ட்னர்ஷிப் உருவாகாது. அதனால்தான் உறவை ஒரு பேட்ச்சின் தலையில் கட்டாமல் துறை வைத்திருக்க வேண்டும் என்கிறேன். ஒரே ஊர், அஞ்சு வருஷம், பேட்ச் மாறினாலும் அதே நோட்டு, அதே தொடர்பு. இந்த வருஷ டீம் சென்சாரே வாங்காமல், ஊர்க்காரங்க என்ன கேட்கிறாங்க என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தால், அதற்கும் மார்க் கிடைக்கணும். அது முடியாதென்றால், லேபில் சென்சார் கேலிப்ரேஷன் பண்ணுங்க. அதுவும் நல்ல ப்ராஜெக்ட்தான். பழங்குடி என்ற வார்த்தையைத் தலைப்பில் அலங்காரத்துக்குச் சேர்க்காதீங்க, அவ்வளவுதான்.

துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரிவ்யூ படிவத்தில் மூணு வரி சேர்த்துவிடுங்கள்: இந்தக் கேள்வியைக் கேட்டது யார்? தரவு யாரிடம் இருக்கும்? மே மாதத்துக்குப் பிறகு கருவியைப் பார்த்துக்கொள்வது யார்? மூணுக்கும் பதில் இல்லாத டீமைத் திருப்பி அனுப்புங்கள்.

நண்பர்களே, தலைப்புக் கொடுக்க இன்னும் நாள் இருக்கு. முதலில் ஒரு தடவை போய்ப் பேசிட்டு வாங்க. சென்சார் ஆர்டர் அப்புறம் போட்டுக்கலாம்.