முற்றத்துக்கு ஓர் இலைத்தடம்

கடலூர், சிதம்பரம் பக்கம் புது வீடு கட்டும் பலர் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் ஊருக்கு இது ஆகாது. 2015 வெள்ளத்தில் கடலூர் பட்ட பாடு மறந்துவிடுமா? இடைவெளி விட்டுப் பதித்த நடைகற்கள் போதும். நடக்க வழியும் இருக்கும், மண்ணும் மழையைக் குடிக்கும்.

அந்தக் கற்களை வீட்டிலேயே வார்க்கலாம், இலைத்தடத்தோடு.

1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு மணல், 2 அங்குலக் கனம். கடற்கரை மணல் கூடவே கூடாது. அதன் உப்பு பின்னால் கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும். ஆமணக்கு இலையின் நரம்புப் பக்கம் கலவையில் படும்படி வைத்து, கரண்டியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும். மறுநாள் காம்பைப் பிடித்து மெல்ல உரித்தால் கிளைநரம்புகூட எடுப்பாகத் தெரியும். பிறகு ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டும்.

பிச்சாவரம் போகிறவர்கள் தில்லை இலையைப் பறித்துவர வேண்டாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம்தான். ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேலியோரப் பூவரசு இருக்கிறதே, அதன் இலை தாராளம்.