சீனி வருத்தம் பெரியவர்களுக்கு மட்டுமா? எமது பிள்ளைகளை யார் பரிசோதிப்பது?

எமது ஊர்களில் "சீனி வருத்தம்" என்பது வயது போனவர்களின் நோயாகவே பார்க்கப்படுகிறது. வாப்பும்மாவுக்குச் சீனி, மாமாவுக்குச் சீனி என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். தரம் 7 இல் படிக்கும் பிள்ளைக்குச் சீனி என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப மறுக்கிறோம். இந்த எண்ணத்தால் பாதிக்கப்படுவது பிள்ளைகள்தான்.

நாட்டின் நிலைமையை முதலில் பார்ப்போம். 2018-19 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையின் வயது வந்தோரில் சுமார் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. மேலும் சுமார் 30 வீதமானோர் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தனர். அதாவது வளர்ந்தவர்களில் இருவரில் ஒருவருக்குக் குருதிச் சீனியில் ஏதோ ஒரு கோளாறு உண்டு. இவர்களைக் கண்டறிவதற்காக அரசாங்கம் நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 35 வயதுக்கு மேற்பட்டவர்களையே பிரதானமாக அழைக்கின்றன. ஆனால் நோய் 35 வயது வரை காத்திருப்பதில்லை.

பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவில் பிரதானமாக இரண்டு வகைகள் உள்ளன. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல தவறுகள் நடக்கின்றன.

முதலாம் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே இன்சுலினைச் சுரக்கும் கலங்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இதற்கும் இனிப்புச் சாப்பிட்டதற்கும் தொடர்பில்லை. "டொபி வாங்கிக் கொடுத்துப் பழக்கியது நீதான்" என்று உம்மாவைக் குற்றம் சொல்வது அநியாயம். மெலிந்த பிள்ளைக்கும், கைக்குழந்தைக்கும் இது வரலாம்.

இதன் அடையாளங்களை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் போதல், அடங்காத தாகம், காரணமில்லாமல் மெலிதல், எந்நேரமும் களைப்பு. படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்ட பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்குவதும் ஓர் எச்சரிக்கை. இவற்றைக் கவனிக்காமல் விட்டால் வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மூச்சு வாங்குதல், மயக்கம் என்று நிலைமை விரைவாக மோசமாகும். அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம்.

ஆனால் வீடுகளில் என்ன நடக்கிறது? வாந்தி என்றால் வயிற்றுக் கோளாறு என்கிறோம். மூச்சு வாங்கினால் சளி என்கிறோம். பிள்ளை சோர்ந்து கிடந்தால் கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. அதை வைத்தியசாலைக்குப் போகும் வழியிலும் செய்யலாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்க்க ஒரு நிமிடமும் ஆகாது.

1922 ஜனவரியில், கனடாவின் டொரொன்டோ நகரில், நீரிழிவுக்காக முதன்முதலில் இன்சுலின் ஏற்றப்பட்டவர் 14 வயதுச் சிறுவன் ஒருவன். அதற்கு முன்னர் இந்நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பது அரிது. இன்று எமது அரச வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசம். இந்தக் காலத்திலும் ஒரு பிள்ளையை இந்நோய்க்குப் பறிகொடுப்பதென்றால், அதற்குப் பெரும்பாலும் தாமதமே காரணமாக இருக்கும்.

இரண்டாம் வகை வேறு கதை. இது பெரியவர்களுக்கு வரும் அதே நோய். உடற்பருமன், உடலுழைப்பின்மை, குடும்பப் பரம்பரை ஆகியவை ஒன்றுசேரும்போது பதின்ம வயதிலேயே வருகிறது. இளவயதில் வந்தால் சிறுநீரகம், கண், நரம்புகள் ஆகியவற்றை வேகமாகப் பாதிக்கிறது. 15 வயதில் நோய் தொடங்கியவர், குடும்பப் பொறுப்பைச் சுமக்க வேண்டிய 30 வயதில் சிறுநீரக கிளினிக்கில் வரிசையில் நிற்க நேரிடலாம்.

இது சத்தமில்லாமல் வருவது. பிள்ளையின் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பதைப் பார்த்து, அழுக்கு என்று தேய்த்துக் குளிப்பாட்டும் தாய்மார் உண்டு. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளின் மாதவிடாய் ஒழுங்கீனத்துடன் உடல் எடையும் கூடினால், அதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எமது பிள்ளைகளின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் சீனி போட்ட தேநீரும் பணிஸும். இடைவேளையில் ரோல்ஸ். பாடசாலை விட்டதும் குர்ஆன் மத்ரஸா, அதன் பின் டியூஷன், இடையில் ஒரு மென்பானம். இரவில் கொத்து அல்லது பரோட்டா. ஓடி விளையாட நேரமுமில்லை, இடமுமில்லை. பெண் பிள்ளைகளுக்குப் பருவமடைந்ததோடு விளையாட்டு முற்றாக நின்றுவிடுகிறது.

மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் உள்ளன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள மஞ்சள் அடையாளப் பானத்தை 250 மில்லிலீற்றர் குடித்தால் 25 கிராம் சீனி உடலில் சேரும். அது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டி. வளர்ந்த ஒருவரே ஒரு நாளைக்கு அந்த அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. 2017 இல் இப்பானங்களின் சீனிக்கு அரசாங்கம் வரி விதித்தது. பின்னர் அந்த வரி குறைக்கப்பட்டது. அரசாங்கங்கள் மாறும், வரிகளும் மாறும். எமது வீட்டுக்குள் எது வருகிறது என்பதை நாமே தீர்மானிக்கிறோம்.

நோயை மறைப்பது அடுத்த பிரச்சினை. குறிப்பாகப் பெண் பிள்ளைக்கு நீரிழிவு என்றால், நாளை கலியாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று பாடசாலைக்கும் சொல்லாமல் விடுகிறார்கள். இன்சுலின் எடுக்கும் பிள்ளைக்குச் சீனி திடீரெனக் குறைந்தால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும், மயங்கியும் விழலாம். நினைவு இருக்கும்போதே சிறிது குளுக்கோஸ் அல்லது இனிப்புப் பானம் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விடயம் தெரியாத ஆசிரியர், பிள்ளை நடிக்கிறது என்று நினைத்தால் என்னாகும்? வீட்டை விட்டு அரபுக் கல்லூரி விடுதியில் தங்கியிருக்கும் மாணவரின் நிலை இதைவிடச் சிக்கலானது. அவருடைய உஸ்தாதுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் கூடுதல் கவனம் தேவை. நண்பர்கள் நோன்பு பிடிக்கும்போது தானும் பிடிக்க வேண்டும் என்ற ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரும். இன்சுலின் எடுக்கும் பிள்ளை வைத்தியரைக் கேட்காமல் நோன்பு பிடிப்பது உயிருக்கு ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதை, றமழானுக்கு முந்திய ஒரு ஜும்ஆவிலாவது கதீப்மார் சொன்னால் நிறையக் குடும்பங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடைபெறுகிறது. அதில் உயரமும் நிறையும் அளக்கப்படுகின்றன. பிள்ளையின் நிறை கூடுதல் என்று சொல்லப்பட்டால், "வளர்ற பிள்ளைதானே" என்று தட்டிக் கழிக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கப்படுகிறது என்று பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். இன்சுலின் இலவசமாகக் கிடைத்தாலும், சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்களைப் பல குடும்பங்கள் சொந்தப் பணத்திலேயே வாங்குகின்றன. வசதியில்லாத வீட்டில் வாப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதிக்கலாம் என்று கணக்குப் பார்க்கிறார். ஸகாத், ஸதகா நிதிகளைத் திரட்டும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், இப்படியான பிள்ளை எமது மஹல்லாவில் இருக்கிறதா என்று இரகசியம் பேணி விசாரித்து உதவ முடியும்.

பிள்ளைகள் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று அடிக்கடி சொல்கிறோம். அவர்களுடைய தாகத்தையும் களைப்பையும் கவனித்து, நேரத்தோடு பரிசோதிப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.