எடை திரும்பினால் ஏளனம் ஏன்?

ரமளானில் நான்கு கிலோ குறைந்தவர், பெருநாள் கழிந்து சில மாதங்களில் ஐந்து கிலோ கூடிவிட்டதாகச் சொல்லி வருந்துவதை நம் வீடுகளில் கேட்டிருக்கிறோம். "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று சுற்றியிருப்போர் உடனே தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். இத்தீர்ப்பு அநியாயமானது.

நாம் ஒரு நாளில் செலவிடும் கலோரியில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு நாம் அசையாமல் படுத்திருந்தாலும் செலவாகும். இதயம் துடிப்பதற்கும் மூளையும் கல்லீரலும் இயங்குவதற்கும் உடற்சூடு நிலைப்பதற்கும் வேண்டிய ஆற்றல் அது. இதையே அடிப்படை வளர்சிதை மாற்றம் என்கிறோம். உண்பது செலவைவிடக் குறைந்தால் எடை குறையும் என்ற கணக்கு உண்மையே. ஆனால் அந்தச் செலவு என்றும் ஒரே அளவாக நிற்கும் என்று எண்ணுவதுதான் பிழை.

இதை 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை காட்டியது. தாமாக முன்வந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி உணவு அளிக்கப்பட்டது. அவர்களின் எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அடிப்படை வளர்சிதை மாற்றமோ சுமார் 40 விழுக்காடு சரிந்தது. உணவைப் பற்றிய நினைப்பே அவர்களை ஆட்கொண்டது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆராய்ந்து கெவின் ஹால் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. போட்டி முடிந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 13 பேருக்கு எடை திரும்பியிருந்தது. அப்போதும் அவர்களின் உடல், அந்த உடலளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்தது. கொழுப்புத் திசுக்கள் சுருங்கும்போது லெப்டின் என்னும் சுரப்பும் குறைந்து பசி மிகுகிறது. பஞ்சம் வந்துவிட்டதென உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அப்படியாயின் முயற்சியே வீணா? இல்லை. "வயதாகிவிட்டது, இனி எதுவும் கரையாது" என்ற சாக்கும் நிற்காது. 6,400க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, உடலளவைக் கணக்கில் கொண்டால் 20 வயது முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. மாறுவது பெரும்பாலும் நம் உணவும் நடமாட்டமுமே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்து செலவிடுவதோ ஏறத்தாழ 250 கலோரி. இஃப்தார் விரிப்பில் வடையும் சமோசாவும் குடித்த எண்ணெய் இக்கணக்கை எளிதில் கவிழ்த்துவிடும்.

எனவே, முப்பது நாளில் பத்துக் கிலோ என்ற விளம்பரங்களை விட்டு விலகுவோம். வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தாலே போதும். பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைப் போதிய அளவு உண்டு, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் செய்தால் தசை இழப்பு குறையும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கை நீருக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் ஒதுக்கச் சொன்ன நபிமொழி ஒரு மாதத்திற்கான திட்டமன்று. பன்னிரண்டு மாதங்களுக்கும் உரிய ஒழுங்கு. நோன்பு இறைவனுக்கான வணக்கம். அதை எடைக்கருவியில் நிறுத்திப் பார்ப்பது முறையாகாது.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணப் போராடுபவரைப் பரிகசிக்க நமக்கு உரிமை இல்லை. பிள்ளை பெற்ற சகோதரியிடமும் மருந்து உண்ணும் சகோதரரிடமும் "இப்படிப் பெருத்துவிட்டீர்களே!" என்று சொல்வதைவிட, "மாலையில் சேர்ந்து நடப்போமா?" என்று கேட்பது எவ்வளவோ மேல்.