அடிமரம் இருந்த இடம்

சேர்வராயன் மலையில், மாரமங்கலத்துப் பக்கம், காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் ஸில்வர் ஓக் மரத்தைப் பிள்ளைகள் ஓக் என்றே நம்புகிறார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குலத்து மரம். தென்னாட்டுக் காடுகளில் அசல் ஓக் தானாக முளைப்பதில்லை. மேல்நாட்டார் தம் ஊர் ஓக் மரத்தின் பழம்படத்தைப் போற்றுவார்கள். நமக்கு அந்த ஸ்தானத்தில் நிற்பது ஆலமரம் அன்றோ?

கல்கத்தாவை அடுத்த சிவபூர்த் தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தை 1860-களில் ஸாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் படம் பிடித்தார். அக்காலத்தில் அது லேசான காரியமன்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் படமெடுத்து, அருகே அடித்த இருட்டுக் கூடாரத்திலேயே கழுவியாக வேண்டும். இடையில் காற்று வீசினால் இலைகளெல்லாம் புகைபோல் மங்கிவிடும்.

1864, 1867-ஆம் ஆண்டுப் புயல்கள் அம்மரத்தின் கிளைகளை முறித்தன. பின்னர்ப் பூஞ்சை நோய் புகுந்தது. 50 அடிக்கு மேல் சுற்றளவுள்ள அடிமரத்தை 1925-இல் வெட்டி அகற்றினார்கள். ஆயினும் விழுதுகள் தாங்க, மரம் இன்றும் பரவிக்கொண்டே இருக்கிறது. அடிமரத்தைக் காண விரும்புவோர் பழம்படங்களைத்தான் நாட வேண்டும்.

ஒரு குறை. இத்தகைய படங்களில் மரத்தடியில் நம் நாட்டவர் ஒருவரை நிறுத்துவது அக்காலத்து வழக்கம்; மரத்தின் பருமனைக் காட்டும் அளவுகோலாக! மரத்தின் பெயரை எழுதினார்கள்; அவர் பெயரைப் பெரும்பாலும் எழுதவில்லை. உங்கள் தெருக்கோடி மரத்தைப் படமெடுத்தால், அடியில் நிற்பவர்களின் பெயரையும் தேதியையும் பின்புறம் குறித்து வையுங்கள். பென்ஸிலே உத்தமம், மை ஊறிவிடும்.