முள் படுத்தால் மீட்டரைத் தூக்காதீங்க!

பழைய கார் வைத்திருக்கும் மக்களே, ஒரு வேண்டுகோள். ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கிறதா? "மீட்டர் போர்டு போயிடுச்சு சார்" என்று சொல்கிற மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எதை வச்சு அளந்து பார்த்தீங்க?" பதில் வராது. முறைப்புதான் வரும்.

பி.காம். படிக்கிற பயலுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் லெட்ஜரைத் தூக்கிப்போட்டுப் புது லெட்ஜர் வாங்குவோமா என்ன? எந்த என்ட்ரியில் தப்பு என்றுதானே தேடுவோம்? இங்கேயும் அதே கதைதான்.

இந்த வயசான கார்கள் பலவற்றில் வேக சென்சார் கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் அதைச் சுற்றும். மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். சக்கரம் உருள உருள சிக்னல் ஒயரில் மின்துடிப்பு போகும். மீட்டர் அதை எண்ணித்தான் வேகமும் கிலோமீட்டரும் காட்டுகிறது. (இரண்டே ஒயர் என்றால் அது காந்தச் சுருள் வகை, அதற்குச் சோதனை வேறு.)

ஸ்கேனரில் பி0500 என்று வந்ததும் சிலர் சென்சாருக்குத் தூக்குத் தண்டனையே கொடுத்துவிடுகிறார்கள். அய்யா, அது எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு இல்லை! எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேகக் கணக்கு சரியாக வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். இல்லையா? ஃபியூஸ் அல்லது ஒயர், சென்சார் நிரபராதி. இருந்தால் கனெக்டரை மாட்டிவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, முன்சக்கர டிரைவ் வண்டி என்றால் ஒரே ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். இரண்டையும் தூக்கினால் ஒன்று முன்னே, மற்றது பின்னே சுற்றும், சென்சார் அசையவே அசையாது. சிக்னல் ஒயரில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் சென்சார் நலம், கோளாறு அதற்கு அப்பால். அசைவே இல்லையென்றால் சென்சாரைக் கழற்றி அதன் தண்டை விரலால் சுற்றுங்கள். இப்போது துடித்தால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. அப்போதும் துடிக்காவிட்டால்தான் புது சென்சார்.

எங்கள் சித்தப்பாவின் 2003 மாடல் காருக்கு முதலில் பழைய மீட்டர் ஒன்றை மாட்டினார்கள், 6,500 ரூபாய். முள் எழவில்லை. பிறகு சென்சார். அதற்கும் எழவில்லை. கடைசியில் பார்த்தால் கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறது! சுரண்டித் துடைத்ததும் சரியாகிவிட்டது.

பணம் போனதை விட எனக்கு உறுத்துவது வேறு. அந்த மீட்டரில் இருப்பது எந்தக் காரோ ஓடிய கிலோமீட்டர். முள் செத்துக் கிடந்த நாளெல்லாம் ஓடியது எந்தக் கணக்கிலும் இல்லை. நாளை இதை வாங்குகிறவர் அந்த எண்ணை நம்பித்தானே விலை பேசுவார்?

மெக்கானிக்குகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "சோதிச்சதுக்கு 300 ரூபாய்" என்றால் சண்டைக்குப் போகிறோம், 6,500 ரூபாய் பார்ட்ஸுக்கு வாயே திறப்பதில்லை. அந்த 300-ஐக் கொடுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். மீட்டரை மாற்றியே தீரவேண்டும் என்றால், பழைய மீட்டரின் கிலோமீட்டரையும் புதியதின் கிலோமீட்டரையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.