பழைய எஞ்சினை எடைக்குப் போடச் சொல்வோருக்கு

2020இல் நின்ற வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிட்ட பிறகு, மாத்தளை திருகோணமலை வீதியில் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் வந்து கேட்டுவிடுகிறார். “இன்னமும் இதையா வெச்சிருக்கீங்க அண்ணே? எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு எடுங்களேன்.” கேட்பவர் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். காரணங்களும் கையில் வைத்திருக்கிறார்: பெட்ரோல் குடிக்கும், புகை கக்கும், சாமான் கிடைக்காது, பிரேக் பிடிக்காது. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: ‘கிளாசிக்’ என்று கொண்டாட இது என்ன புல்லட்டா, நோர்ட்டனா? சாதாரண ஹொண்டா சிடி 125தானே? இவற்றில் ஒன்று முழு உண்மை, ஒன்று பாதி உண்மை. மற்றவற்றை நான் ஏற்க மாட்டேன்.

பெட்ரோலுக்கான பரீட்சையை நாடே நடத்தி முடித்துவிட்டது. 2022 ஜூன் இறுதியில் ஒக்டேன் 92 லீற்றர் 470 ரூபா. அடுத்து எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். ஒழுங்காக வைத்திருக்கும் ஹொண்டா சி 90 லீற்றருக்கு 50 கிலோமீற்றராவது ஓடும். அந்த 4 லீற்றரில் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு இரண்டு முறை போய்த் திரும்பலாம். அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து வீடுகளில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த நைன்டிகளைத் தூசி தட்டி எடுத்தவர்கள் பலர். பெட்ரோல் குடிக்கும் பழைய வண்டியும் உண்டு. அதன் காபரேட்டரில் ஊசி தேய்ந்திருக்கும், எயார் ஃபில்டர் அடைத்திருக்கும். அது வயதின் குற்றம் அல்ல, பார்க்காமல் விட்டதன் குற்றம்.

புகைதான் அந்தப் பாதி உண்மை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலோடு ஒயிலையும் சேர்த்தே எரிக்கிறது, அதன் புகைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2008இல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது சரியான முடிவு. ஃபோர் ஸ்ட்ரோக்கின் கதை வேறு. நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு கைடையோ தாண்டி ஒயில் ஏறுகிறது. கறுப்புப் புகை வந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் போகிறது. இரண்டுமே நோய், இரண்டுக்கும் மருந்து உண்டு. நல்ல நிலையிலுள்ள பழைய ஹொண்டாவின் சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்க்கலாம். ஆனாலும் கட்டலிடிக் கொன்வேர்ட்டரும் ஃபியூவல் இன்ஜெக்ஷனும் உள்ள புது எஞ்சினின் புகையில் எரியாத பெட்ரோல் இன்னும் குறைவு. அதை மறுக்க முடியாது, மறுக்கவும் இல்லை. ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேறி, ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும் ஒரு வண்டியை எடைக்குப் போட அது காரணமாகாது என்பதே என் வாதம்.

சாமான் கிடைக்காது என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சிலிண்டர் தேய்ந்தால் என்ன செய்வோம்? லேத்தில் கொடுத்துப் போர் அடித்து, கால் மில்லிமீற்றர் பெரிய பிஸ்டனைப் போடுவோம். அதுவும் தேய்ந்தால் அரை மில்லிமீற்றர், பிறகு முக்கால், கடைசியில் ஒன்று. இப்படிப் படிப்படியாகப் பெரிதாக்கும் கணக்கைக் கம்பனியே போட்டுத் தந்திருக்கிறது. ஒரு சிலிண்டருக்கு ஐந்து ஆயுள் என்று சொல்லலாம், அதன் பிறகு ஸ்லீவ் போட்டால் மறுபடி முதலிலிருந்து. இன்றைய எஞ்சின்களில் பல, அலுமினியச் சிலிண்டரின் உட்சுவரில் மெல்லிய கடினப் பூச்சு மட்டும் பூசியவை. பூச்சு போனால் சிலிண்டரே போயிற்று. அப்போது சாமான் கிடைக்காமல் தவிக்கப்போவது யார்?

1958இல் வெளிவந்த ஹொண்டா சூப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. சி 50, சி 90, ஜப்பான் தபால்காரருக்காகச் செய்த சிவப்பு எம்டி 90 எல்லாம் அந்த வம்சம்தான். ஆசியாவின் பாதி நாடுகள் அந்த எஞ்சினைப் பார்த்துச் செய்திருக்கின்றன. கேஸ்கெட்டுக்கும் கிளச் பிளேட்டுக்கும் பஞ்சமில்லை. பிரிட்டிஷ் வண்டிக்குக் காபரேட்டர் தேடி அலைபவர்களின் கவலையை இதன் மேல் ஏற்றக் கூடாது.

சாமானை விடப் பெரியது, எஞ்சின் நமக்குப் புரியும் என்பது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீற்றர் உயரம். ரத்தோட்டையும் கைக்காவலையும் தாண்டி ரிவர்ஸ்டன் ஏறினால் ஆயிரத்துக்கு மேலே போய்விடுகிறோம். ஆயிரம் மீற்றருக்குக் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவில் குறைகிறது. காபரேட்டருக்கு அது தெரியாது, கீழே விட்ட அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமான பெட்ரோலையே மேலேயும் விடுகிறது. அதனால் கலவை தடித்துப்போகிறது. மிளகுத் தோட்டங்கள் முடிந்து மூடுபனி தொடங்கும் வளைவில், சுத்தமாக வெடித்துவந்த எஞ்சின் தொண்டை கட்டியவன் போலப் பேசத் தொடங்கும். ஓட்டுபவன் திரொட்டிலைக் கொஞ்சம் தணித்து, கியரை ஒன்று இறக்கி அதைத் தேற்றுவான். இன்ஜெக்ஷன் வண்டி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்கிறது. அது மேலான பொறியியல்தான். ஆனால் மலை ஏறுகிறோம் என்பதை எஞ்சின் வாயால் கேட்கும் சந்தர்ப்பம் அதில் இல்லை. அதைக் கேட்பதற்காகவே நான் ரிவர்ஸ்டன் போகிறேன்.

அங்கே நின்றுபோனால்? எனக்கு நின்றிருக்கிறது, பிட்டவல பத்தனைக்குச் சற்று முன்னால், மழையில், காலில் அட்டை ஏறிக்கொண்டிருக்கும்போது. மெக்னெட் மூடியைக் கழற்றி, பொயின்ட்டை எமரித் தாளால் ஒரு இழு இழுத்து, இடைவெளியை 0.3 மில்லிமீற்றருக்கு மேல், 0.4க்குள் வைத்து, பிளக்கைத் துடைத்துப் பூட்டினேன். இரண்டாவது உதையில் பிடித்தது. சென்சர் ஒன்று செத்து நிற்கும் புது வண்டியை அந்த இடத்திலிருந்து லொறியில்தான் கொண்டுவர வேண்டும்.

இதே குணம் எங்கள் ஏ9 வீதியின் மறுமுனையில் ஒரு சமூகத்தையே நடமாட வைத்தது. 1990க்குப் பிந்தைய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு, எஞ்சின் தட்டும். எரியாமல் மிஞ்சியது கீழே இறங்கி ஒயிலைக் கரைக்கும். எந்தப் பொறியியலாளரும் பரிந்துரைக்காத வேலை. அப்படியும் அந்த எஞ்சின்கள் நோயாளிகளையும் ஆசிரியர்களையும் சுமந்து ஓடின, ஏனென்றால் அவற்றைத் திறந்து திருத்தத் தெரிந்த கைகள் ஒவ்வொரு சந்தியிலும் இருந்தன.

பிரேக் விஷயத்தில் விமர்சகர் சொல்வது முழு உண்மை. பழைய டிரம் பிரேக்கை நம்பி ரிவர்ஸ்டனிலிருந்து இலுக்கும்புர பக்கம் மழையில் இறங்குவது விளையாட்டல்ல. தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். 6 வோல்ட் விளக்கு மூடுபனியில் மெழுகுவர்த்தி மாதிரி. வண்டியின் மேல் உள்ள அன்பால் இதை மூடிமறைப்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புது பிரேக் ஷூ, புது டயர், 12 வோல்ட் விளக்கு போடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சினே பாதிப் பிரேக். கம்பனியிலிருந்து வந்தது வந்தபடியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து உயிரைப் பணயம் வைப்பது ரசனை அல்ல.

இனி அந்தக் கடைசிக் கேள்வி, சிடி 125 எப்படிக் கிளாசிக் ஆகும் என்பது. புல்லட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, இங்கிலாந்தில் ரெடிச் தொழிற்சாலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். அதன் பழைய 350 எஞ்சினின் போர் 70 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 90. ஒற்றைப் பிஸ்டன் நீண்ட தூரம் ஏறி இறங்குகிறது, கனத்த ஃப்ளைவீல் நிதானமாகச் சுழல்கிறது. ஒவ்வொரு வெடியையும் தனித்தனியாக எண்ணக் கூடிய அந்தத் ‘தட் தட்’ இப்படித்தான் பிறக்கிறது.

சிடி 125 இதற்கு நேர் எதிர். இரண்டு பிஸ்டன், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 62 சிசி. போர் 44, ஸ்ட்ரோக் 41. போரை விட ஸ்ட்ரோக் குறைவு என்பதால் தயங்காமல் வேகமாகச் சுற்றும். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க, மாறி மாறிச் சம இடைவெளியில் வெடிக்கும், அதனால்தான் அந்தத் தையல் மெஷின் சீர். டாப்பெட் இடைவெளி 0.05 மில்லிமீற்றர், ஒரு தலைமுடிக் கனம். அதைக் காதால் கேட்டே சரியா பிழையா என்று சொல்லும் பாஸ்மார் மாத்தளையில் உண்டு. நூறு கிலோ மிளகையோ கறி மிளகாய் மூட்டையையோ தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்குள் இவ்வளவு நுணுக்கமான பொருளை வைத்தவர்களை நான் கலைஞர்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் பாட்டி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மண் ரோட்டில் ஒற்றைச் சிலிண்டரின் ‘தட் தட்’ கேட்டால் சின்னத்துரை வருகிறார் என்று அர்த்தம். லயத்துப் பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள், மலையில் பேச்சு நின்றுவிடும். பாட்டிக்கு எஞ்சின் என்றால் அந்தச் சத்தம்தான். அப்பா ஜப்பானிலிருந்து வந்த பழைய சிடி 125 ஒன்றைச் சீட்டுக் காசில் வாங்கி லயத்து வாசலில் நிறுத்தினார். எங்கள் குடும்பம் சொந்தக் காசில் வாங்கிய முதல் எஞ்சின் அது. பாட்டி அதன் டாங்கைத் தொட்டுப் பார்த்து, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைக்கச் சொன்னார். துரைமாரின் வண்டி மட்டும்தான் கிளாசிக், எங்களைச் சுமந்தது வெறும் வண்டி என்று யாராவது சொன்னால் நான் எப்படிச் சும்மா இருப்பது?

உருமாற்றிய வண்டிகளைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஓடுகிறது: கஸ்டம் என்றால் சைலன்சரை வெட்டிச் சத்தம் போடுவது. 1938இல் லண்டனில் தொடங்கிய ஏஸ் கஃபேயைச் சுற்றி 1950களிலும் 60களிலும் திரண்ட இளைஞர்கள் நோர்ட்டன் சட்டகத்துக்குள் ட்ரயம்ஃப் எஞ்சினை வைத்து ‘ட்ரைட்டன்’ கட்டினார்கள். ஒன்றின் திருப்பும் திறனும் இன்னொன்றின் பலமும் ஒரே வண்டியில் சேர வேண்டும் என்ற யோசனை அது. சைலன்சரை மட்டும் வெட்டினால் என்ன ஆகும்? ஜெட்டை மாற்றாமல் வாயைத் திறந்துவிட்டால் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, வால்வு கருகும். காதுக்குப் பலம் போலக் கேட்பது உள்ளே நடக்கும் சேதம். நல்ல கஸ்டம் வண்டி அமைதியாகத்தான் வரும்.

சிடியை வெட்டித் தட்டை சீட் போட நினைக்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெல்டிங் வேலைக்கு முன்னால் வாகனப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ளதை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வண்டிச் சட்டகத்தின் இலக்கம் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அந்த இலக்கம் அழிந்த பின் எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்த வண்டியை விற்க முடியாது, சோதனைச் சாவடியில் காட்ட முடியாது. கடைசியில் உண்மையாகவே எடைக்குப் போகிற வண்டிகள் அவைதான்.