நீர்க்காத்தான் குட்டி

ஐப்பசி மழை விட்ட காலை. "மதினி, நாகக்குட்டி! கழுத்தை விரிக்குது!" என்று அடுத்த வீட்டுப் பெண் கூச்சல் போட்டாள். கையில் விளக்குமாறு, காலடியில் மூன்று வயசுப் பிள்ளை.

போய்ப் பார்த்தேன். முழ நீளம், பழுப்பு உடம்பு, முதுகில் வால்வரை ஓடும் இரண்டு மஞ்சள் கோடு. அட, நீர்க்காத்தான் குட்டி! விஷமில்லாதது, தவளை தின்ன வருவது. பயந்தால் கழுத்தைத் தட்டையாக்கும். சிலவற்றில் சிவப்பு நிறமும் தெரியும். அமெரிக்காவில் சிலர் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் கார்ட்டர் பாம்புக்கு இது தூரத்துச் சொந்தம். அதிலே கறுப்பு, சிவப்பு, நீலம் கலந்தது என்று எத்தனையோ நிறம். பல கிளை இனங்களும் உண்டு. நம் நாட்டில் வனவிலங்குச் சட்டம் (1972) இருப்பதால், பாம்பை வீட்டில் வளர்க்கக் கூடாது.

ஆனால் சகோதரிகளே, நிறத்தை மட்டும் நம்பி விடாதீர்கள். கட்டுவிரியனைப் போலவே வெள்ளை வளையம் போட்ட விஷமில்லாத பாம்பும் உண்டு. ஆகவே எதுவானாலும் அடிக்கவும் வேண்டாம், தொடவும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விலகுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுவிரியன் கடி ராத்திரியில், வலியே தெரியாமல் நடக்கும். தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகிப் படுப்பது நல்லது.

நம்ம குட்டி? சாக்கடை ஓரமாய் அதுவே போய்விட்டது. விளக்குமாறும் மூலைக்குப் போயிற்று!